அளந்ததைச் சரியாக எழுதிய மாணவி எதைத் தவறவிட்டார்?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் உள்ள செவிலியர் கல்லூரியில் மூன்று ஆண்டுகளாகப் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். என் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவியர் எழுத்துத் தேர்விலும் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்விலும் நன்றாகவே செய்கிறார்கள். வார்டுக்குப் போனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்மையில் ஒரு மாணவி, வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் 90/60, நாடித்துடிப்பு 120 என்று சரியாக அளந்து, சரியாகக் குறித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். ஒரு பயிற்றுநருக்குப் பத்து மாணவியர் இருக்கும் நிலையில் நான் எதை மாற்ற முடியும்?

பதில்: அந்த மாணவி, அவருக்குக் கற்பிக்கப்பட்டதைத்தான் பிழையின்றிச் செய்திருக்கிறார். அளப்பதும் எழுதுவதும் ஒரு செய்முறையாக அவருக்குப் பழக்கப்பட்டிருக்கின்றன. எழுதிய எண்ணைப் பார்த்துத் திடுக்கிடப் பழக்கப்படவில்லை. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த கூம்பு வடிவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அறிந்திருத்தல், எப்படி என்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், பணியிடத்தில் செய்தல் என நான்கு படிகள். எழுத்துத் தேர்வும் வைவாவும் முதல் இரண்டு படிகளை மட்டுமே அளக்கின்றன. அங்கே கிடைத்த மதிப்பெண்ணை வைத்து நான்காம் படியை எதிர்பார்ப்பதால்தான் வார்டில் நமக்கு ஏமாற்றம் ஏற்படுகிறது.

செய்முறைகளை எப்படிச் சொல்லித்தருகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான கல்லூரிகளில் பயிற்றுநர் விளக்கிக்கொண்டே ஒரு முறை செய்து காட்டுகிறார், பிறகு மாணவி அதையே திரும்பச் செய்து காட்டி ரிடர்ன் டெமோ கொடுக்கிறார். இதற்கு மாற்றாக, பிரிட்டனைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பெய்ட்டன் 1998இல் எழுதிய நான்கு படி முறையைச் சிறு குழுக்களில் கையாண்டு பாருங்கள். முதலில் பேசாமல், வார்டில் செய்யும் அதே வேகத்தில் செய்து காட்ட வேண்டும். இரண்டாவதாக விளக்கத்தோடு நிதானமாகச் செய்ய வேண்டும். மூன்றாவதாக மாணவி ஒவ்வொரு படியாகச் சொல்ல, பயிற்றுநர் அதன்படி செய்ய வேண்டும். நான்காவதாகவே மாணவி தானே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். இவற்றில் மூன்றாம் படிதான் உயிர்நாடி என்பேன். மாணவி சொல்வதை மட்டுமே, சொன்ன வரிசையிலேயே, பொம்மையின் மீது நீங்கள் செய்யும்போது, கையுறை அணியச் சொல்ல மறந்தால் வெறுங்கையோடு கருவியை எடுக்கப் போவீர்கள். அந்த நொடியில் வகுப்பே கூச்சல் போடும். தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும் அந்த வாய்ப்பை, நடுவில் குறுக்கிட்டுத் திருத்தி நாமே பறித்துவிடக் கூடாது. நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும்.

ஆனால் இதுவும் கையைத்தான் பழக்கும். உங்கள் மாணவி தடுமாறிய இடம் வேறு. அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் கிறிஸ்டின் டேனர் 2006இல் வெளியிட்ட மருத்துவ முடிவெடுத்தல் மாதிரி, ஒரு செவிலியரின் சிந்தனையைக் கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயற்படுதல், மீள்சிந்தித்தல் என்று பிரிக்கிறது. 90/60 என்று எழுதியவர் முதல் படியையே தாண்டவில்லை, ஏனெனில் கவனித்தல் என்பது அளத்தல் அன்று. ஒரு மணி நேரத்துக்கு முன் அளவு என்னவாக இருந்தது, அழுத்தம் இறங்க நாடி ஏறுகிறதே, இது ரத்தக்கசிவாக இருக்குமோ, கட்டு நனைந்திருக்கிறதா, காயத்திலிருந்து வடியும் திரவத்தைச் சேர்க்கும் டிரெய்ன் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கை கால் சில்லிட்டிருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று அடுத்தடுத்துக் கேள்விகள் எழுவதே கவனித்தல். அனுபவமுள்ள செவிலியருக்கு இவை கணநேரத்தில் தோன்றிவிடுவதால், தாம் அப்படிச் சிந்தித்ததே அவருக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் நிற்கும் மாணவிக்கோ அவருடைய கைகள் மட்டுமே தெரிகின்றன. ஆகவே, படுக்கையருகில் நீங்கள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் (நோயாளியை அச்சுறுத்தக்கூடியதாக இருந்தால் சற்று விலகி நின்று சொல்லுங்கள்). கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். “அடுத்து என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டால் பாடம்தான் திரும்ப வரும். “இந்த நோயாளியிடம் காலையில் இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாற்றம் பார்த்தாய்?” என்று கேட்டால் மாணவி நோயாளியைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் இந்தத் திறன் முழுமையாக வந்துவிடாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பட்ரிசியா பென்னர், செவிலியரின் திறன் வளர்ச்சியில் 1984இல் வகுத்துக் காட்டிய ஐந்து நிலைகளில் முதல் நிலையில் இருப்பவர் விதிகளைப் பற்றிக்கொண்டுதான் நடப்பார். முழுச் சூழலையும் ஒரே பார்வையில் காண்பது பல ஆண்டுப் பணிக்குப் பிறகு கைகூடுவது. எனவே அவருக்கு முதலில் தெளிவான விதியையே கொடுங்கள்: இன்ன அளவுக்குக் கீழே, இன்ன அளவுக்கு மேலே போனால் எழுதுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அந்த வரம்புகளை வார்டில் நடைமுறையில் உள்ளபடி ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் செய்யலாம்.

இதே நிகழ்வை ஸ்கில்ஸ் லேபில் திரும்ப நடத்திப் பாருங்கள். மேனிக்கின் எனப்படும் விலையுயர்ந்த பயிற்சிப் பொம்மை வேண்டியதில்லை. ஒரு மாணவி நோயாளியாகப் படுத்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சீட்டாகக் கொடுங்கள்: 118/76, நாடி 88; 110/70, நாடி 100; 100/64, நாடி 112; 90/60, நாடி 120. எந்தச் சீட்டில் மாணவி வாய்திறக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். நடிப்பு இருபது நிமிடம் என்றால், அதன்பின் வரும் உரையாடலுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கற்றல் பெரும்பாலும் அந்த உரையாடலில்தான் நடக்கிறது. “ஏன் சொல்லவில்லை?” என்று தொடங்கினால் குற்ற விசாரணை ஆகிவிடும். “எந்தச் சீட்டில் உனக்குள் ஏதோ உறுத்தியது?” என்று தொடங்குங்கள். நான் நடத்திய வகுப்புகளில் அடிக்கடி கேட்ட விடை இதுதான்: “இரண்டாவதிலேயே தோன்றியது மேடம், சொன்னால் திட்டுவார்களோ என்று இருந்துவிட்டேன்.” அப்படியானால் சிக்கல் அறிவில் இல்லை. என் மாணவப் பருவத்தில் நோயாளியின் முன்னாலேயே என்னைக் கடிந்துகொண்ட ஒரு பயிற்றுநருக்குப் பின், அந்த வார்டுப் பயிற்சிக் காலம் (போஸ்டிங்) முடியும்வரை நான் எதையும் தானாகப் போய்ச் சொன்னதில்லை.

சொல்வதற்கும் ஒரு வடிவம் வேண்டும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசை இப்போது பல மருத்துவமனைகளில் பழக்கத்தில் உள்ளது. “சிஸ்டர், ஏழாம் படுக்கை நோயாளிக்கு பிபி 90/60, பல்ஸ் 120. காலையில் வயிற்று அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, ஒரு மணி நேரம் முன்பு 118/76 இருந்தது. ரத்தக்கசிவு இருக்குமோ என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும், டாக்டருக்கும் சொல்ல வேண்டும்” என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த மாணவியிடம் ஆங்கிலத்தில் கேட்டு அவர் மௌனமாக நின்றால், அந்த மௌனம் அறியாமையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முதல் சில வாரங்கள் தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே சொல்லட்டும். பதிவேட்டுக்கான ஆங்கிலத்தை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்துக் கணக்கையும் இவ்வாறே கரும்பலகையிலிருந்து கீழே இறக்க வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் வருகிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சு முதலாவதற்கும் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு இரண்டாவதற்கும் உரியவை. 20 யூனிட் கொடுக்கச் சொல்லி, 100 யூனிட் குப்பியையும் சிவப்பு மூடிச் சிரிஞ்சையும் மேசையில் வைத்துவிடுங்கள். 20 என்ற கோடுவரை இழுத்தால் 0.5 மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட் உள்ளே வந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் மாணவி வாய்பாட்டை எழுதத் தொடங்கும் முன்பே குப்பியின் லேபிளைப் படித்தவராக இருப்பார்.

1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் உடனிருந்தோரும் அறிமுகப்படுத்திய, மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று ஒவ்வொன்றிலும் ஒரு பணியைச் செய்து காட்டும் ஆஸ்கி (OSCE) தேர்வு முறை இந்தியச் செவிலியக் கல்வியிலும் இடம்பெற்றுவிட்டது. மாதம் ஒரு முறை ஐந்தாறு நிலையங்களோடு சிறிய அளவில் நடத்தலாம். செக் லிஸ்ட்டை மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பதே அதில் உள்ள ஆபத்து. எனவே ஒன்றிரண்டு நிலையங்களில் ஓடாத டிரிப், வேறு பெயர் எழுதிய கைப்பட்டை என ஏதாவது ஒரு கோளாற்றைச் சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

பத்துப் பேரை ஒரே படுக்கையைச் சுற்றி நிறுத்துவது நோயாளிக்கும் இடையூறு, எட்டுப் பேருக்கும் வீண். இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வோர் இணைக்கும் ஒரு நோயாளியை, அவருடைய ஒப்புதலோடு, கொடுங்கள். ஒருவர் செய்ய, மற்றவர் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். மறுநாள் இடம் மாற வேண்டும். வார்டுக்குள் போகும்முன் பத்து நிமிடம், “இன்று உன் நோயாளிக்கு எது தவறிப்போகக்கூடும், அதை எதில் முதலில் காண்பாய்?” என்ற ஒரே கேள்வியை இணைக்கு ஒரு முறை கேளுங்கள். இந்த ஏற்பாட்டை வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசி, மாணவியர் தவறான எச்சரிக்கை கொடுத்தாலும் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 90/60 எழுதிய அந்த மாணவியை, அடுத்த போஸ்டிங்கில் மீண்டும் அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் நோயாளியிடமே விடுங்கள்; முதல் ஒரு மணி நேரம் நீங்கள் அருகில் இருங்கள்.