கம்பெனிக் காசில் மருத்துவக் காப்பீடு, பல் செலவு: போடலாமா?

பேட்டையில் சொந்தப் பட்டறை நடத்துகிறேன், எனக்கான மருத்துவக் காப்பீட்டையும் பல் வைத்தியத்தையும் கம்பெனிச் செலவில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அண்ணாச்சி.

முதலில், பட்டறை யார் பெயரில்? பிரைவேட் லிமிடெட் என்றால், நீங்கள் சம்பளம் வாங்கும் டைரக்டராக இருக்கும்பட்சத்தில், உங்களுக்குக் கட்டும் பிரீமியம் கம்பெனிக்குச் செலவு. உங்கள் வருமானத்திலும் சேராது. ரொக்கமாக மட்டும் கட்டிவிடாதீர்கள், கம்பெனிக்கான வரிக் கழிவு போய்விடும்.

தனியாள் பெயரில் ஓடும் பட்டறை என்றால் கதை வேறு. முதலாளி தனக்குத்தானே ஊழியர் ஆக முடியாது, அதனால் பிரீமியத்தைப் பட்டறைச் செலவில் எழுத முடியாது. பழைய வரிமுறையில் இருந்தால், உங்களுக்கு அறுபது ஆகாதபட்சத்தில், 80டி என்று சொல்லப்படும் மருத்துவக் காப்பீட்டு வரிக் கழிவு 25,000 ரூபாய் வரை. அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்குக் கட்டினால் தனியாக 50,000 வரை. புது வரிமுறையில் அதுவும் கிடையாது.

இன்னொன்று, ஏஜென்ட் வாயைத் திறக்க மாட்டார்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. கம்பெனி எடுக்கும் குரூப் பாலிசிக்கு 18% உண்டு, அந்த வரியைக் கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் பொதுவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆக, ரெண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பல்தான் வில்லங்கம். விபத்தில் உடைந்தால் தவிர, பெரும்பாலான பாலிசிகள் பல்லைத் தொடுவதில்லை. வண்ணார்பேட்டையில் ரூட் கேனல் செய்து பில்லைக் கம்பெனியில் போட்டால், பெரும்பாலும் அது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வந்து நிற்கும்.