டெக்ஸஸ் இன்-ஸ்டேட்டா, பர்டூவா? 14,000 டாலர் வித்தியாசம் என்பது பாதிக் கணக்கு

கேள்வி: “ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகனுக்கு இங்கே டெக்ஸஸின் யூ.டி. டாலஸ், இண்டியானா மாநிலத்தின் பர்டூ இரண்டு பல்கலைக்கழகங்களிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. அவுட்-ஆஃப்-ஸ்டேட் (வெளிமாநிலத்தவர்) கட்டணம் கொடுத்து அனுப்புவது தகுமா?”

பர்டூவில் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல கல்லூரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கேட்டிருப்பது பணத்தைப் பற்றி, அதனால் பணத்தை மட்டும் பேசுகிறேன்.

பர்டூவின் வெளிமாநில டியூஷன் ஆண்டுக்கு 28,794 டாலர். 2013-லிருந்து ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். பாடப்பிரிவைப் பொறுத்துத் தனிக் கட்டணமும் உண்டு, உங்கள் பையனின் பிரிவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். யூ.டி. டாலஸில் இன்-ஸ்டேட், அதாவது உள்மாநிலத்தவர் கட்டணம், 15,000-ஐ ஒட்டி வரும். சேரும் ஆண்டின் விகிதமே நான்கு ஆண்டுக்கும் நிற்கும். ஆக டியூஷனில் சுமார் 14,000 வித்தியாசம். பலரும் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள்.

பையன் யூ.டி. டாலஸ் இருக்கும் ரிச்சர்ட்ஸனுக்கு வீட்டிலிருந்தே போய்வரப் போகிறானா, கேம்பஸில் தங்கப் போகிறானா? விடை இதில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து என்றால் பர்டூ பக்கம் டார்ம், சாப்பாடு சுமார் 11,000, ஊருக்கு வந்துபோக ஒரு 1,500 கூடும். மொத்த வித்தியாசம் 26,500. ஆனால் வீட்டில் இருப்பவன் சும்மா இருக்க மாட்டான்: கார், பதினெட்டு வயதுப் பையனுக்கான இன்ஷூரன்ஸ், பெட்ரோல், பார்க்கிங் பெர்மிட். அதற்கு 4,000 கழித்தால் 22,500. நான்கு ஆண்டில் 90,000 டாலர். யூ.டி. டாலஸிலும் கேம்பஸில்தான் தங்குவான் என்றால் இரண்டு பக்கமும் தங்கும் செலவு ஏறக்குறைய அடிபட்டுவிடும், மிஞ்சுவது 62,000. ஒரே வீடு, ஒரே பையன், ஆனால் இரண்டு விடைகள். டார்ம், பயணம், கார் மூன்றும் என் உத்தேசம்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

பயணச் செலவைக் குறைத்து எடைபோடாதீர்கள். பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபயட்டிலிருந்து இண்டியானாபொலிஸ் விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்கு மேல், அதற்கு ஷட்டில் தனி. தேங்க்ஸ்கிவிங் வார டிக்கெட் விலை உங்களுக்கே தெரியும். கோடையில் டார்மைக் காலி செய்தால் சாமானுக்கு ஸ்டோரேஜ் வாடகை. உங்கள் மருத்துவக் காப்பீடு எச்.எம்.ஓ. வகை (குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டும் செல்லும்) என்றால் இண்டியானாவில் அவசர சிகிச்சை தவிர மற்றது கிடைக்காமல் போகலாம்.

“ஒரு வருஷம் இருந்துவிட்டு இண்டியானா லைசென்ஸ் எடுத்தால் இன்-ஸ்டேட் ஆகிவிடும்” என்று வார இறுதிப் பாட்லக்கில் யாராவது சொல்வார். ஆகாது. படிப்பதற்காக வந்து தங்கிய காலத்தைக் குடியிருப்புக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பெற்றோரைச் சார்ந்த மாணவனின் இருப்பிடம் பெற்றோரின் மாநிலம்தான். யூட்டா போல ஒன்றிரண்டு மாநிலங்களில் மட்டுமே முதலாண்டுக்குப் பிறகு மாற வழி இருக்கிறது. அடுத்த வாரம் அதே பாட்லக்கில் அதே ஆசாமி கார் பின்கண்ணாடியில் கல்லூரி ஸ்டிக்கரோடு வந்து ரேங்கிங் பேசுவார், அது வேறு வயிற்றெரிச்சல்.

நீங்கள் எச்-1பி வேலை விசா, பையன் உங்களைச் சார்ந்த எச்-4 விசா என்றால் கணக்கே வேறு. எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற அரசு உதவி விண்ணப்பம் வழியாகக் கிடைக்கும் ஃபெடரல் கடன் அவனுக்குக் கிடையாது. 21 முடிந்ததும், பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில், கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். அப்போது வெளிநாட்டு மாணவர் கட்டணம் சேருமா என்று பர்டூவிடம் கேளுங்கள். டெக்ஸஸில் இப்படிப்பட்ட பிள்ளை இன்-ஸ்டேட் ஆவதற்கு முக்கியமாக இரண்டு வழி: பெற்றோரின் குடியிருப்பு, அல்லது ஹைஸ்கூல் முடிக்குமுன் மூன்று ஆண்டு இங்கேயே இருந்து, இங்கேயே அதை முடித்தது. பையனை எந்த வழியில் பதிந்திருக்கிறார்கள், விசா மாறினால் என்ன ஆகும் என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னது பின்னால் உதவாது.

சிட்டிசன் பிள்ளை என்றாலும் அவன் பெயரில் கிடைக்கும் ஃபெடரல் கடன் முதலாண்டு 5,500, நான்காண்டில் மொத்தம் 27,000 தான். 2026 ஜூலை 1 முதல் பேரன்ட் பிளஸ் (பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல்) கடனுக்கும் உச்சவரம்பு உண்டு: பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. மீதி தனியார் வங்கி, அதில் உங்கள் ஜாமீன் கையெழுத்து.

ஏ.பி. கிரெடிட் (ஹைஸ்கூலிலேயே எடுத்த கல்லூரிப் பாட மதிப்பு) இருக்கிறது, மூன்றே ஆண்டில் முடித்துவிடலாம் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு கோர்ஸ் முடித்தால்தான் அடுத்தது, சங்கிலி மாதிரி. ஒரு செமஸ்டர் குறைந்தால் பர்டூ டியூஷனில் 14,400 மிச்சம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

என் தீர்ப்பு: 90,000-ஐக் கடன் வாங்காமல் கொடுக்க முடிந்தால் அனுப்புங்கள், அதில் தப்பில்லை. பாதிக்கு மேல் கடன் என்றால் யூ.டி. டாலஸ். இதே கேள்வியில் பர்டூவுக்குப் பதில் மிச்சிகன் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். அங்கே வெளிமாநில டியூஷன் மட்டுமே 60,000-க்கு மேல், அதுவும் ஆண்டுக்காண்டு ஏறும். பர்டூ என்று முடிவானால் மே 1-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும். டார்ம் விண்ணப்பம் தனி, அதையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.