முதலில் வண்ணம், பிறகு பசை: ராட்சத ரோபோ மினியேச்சர் பற்றி வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப், ‘வார்ஹாமர் 40,000’ என்ற மேசைப்போர் விளையாட்டுக்காக 2014-இல் வெளியிட்ட இம்பீரியல் நைட் என்ற, பாகங்களை நாமே ஒட்டி வண்ணம் பூச வேண்டிய பிளாஸ்டிக் ரோபோ பொம்மை பற்றித்தான் இம்முறை பெரும்பாலான கேள்விகள். சாதாரண வீரன் பொம்மை கட்டைவிரல் அளவு என்றால், இந்த ரோபோ முக்கால் சாண் நிற்கும். அளவு பெரிதாகும்போது தவறுகளும் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டு வண்ணம் பூசலாமா?

வேண்டவே வேண்டாம். நைட்டின் உடல் இரண்டு அடுக்கு: உள்ளே பிஸ்டனும் குழாயுமாக உலோகம்போன்ற எலும்புக்கூடு, அதன்மேல் கவசத் தகடுகள். தகடுகளை ஒட்டிவிட்டால் அவற்றின் பின்னால் இருக்கும் பிஸ்டனுக்குத் தூரிகை எட்டாது. எட்ட வைத்தால் கவசத்தில் தீற்றும். கால்கள் இடுப்போடு சேர்ந்து ஒரு பகுதி, மார்பு ஒரு பகுதி, கைகள் இரண்டு, முகம், முதுகு ஓடு, கணைக்கால் மற்றும் தோள் தகடுகள் எனத் தனித்தனியாக நிற்கட்டும். தகடுகளை எல்லாம் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். எந்தத் தகடு எந்தக் காலுக்கு என்று பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்.

பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு பாகத்தை வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒட்டிவெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து வெள்ளைத் தழும்பு விழும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் அச்சுக்கோட்டைக் கத்தி முதுகால் சுரண்டி, 600 எண் உப்புத்தாளால் தேயுங்கள்.

பிளாஸ்டிக் சிமெண்ட் ஒட்டும் பசை அல்ல. இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிற கரைப்பான். நடுவில் வண்ணம் இருந்தால் பிடிப்பு வண்ணத்தோடு நின்றுவிடும், தட்டினால் கழன்று வரும். அதனால் ஒட்டும் இடங்களை முன்கூட்டியே மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மறந்துபோனால் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். முழு இறுக்கத்துக்கு 24 மணி நேரம் தேவை.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். பிரைமர் (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு மணல்போல் சொரசொரக்கிறது. சிலமுறை வெள்ளை மூட்டமும் படிகிறது.

இவை இரண்டு வேறு கோளாறுகள். சொரசொரப்புக்குக் காரணம், துளிகள் பொம்மையைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்துவிடுவது. டப்பாவைத் தூரமாகப் பிடித்தாலோ உச்சி வெயிலில் அடித்தாலோ இப்படி ஆகும். வெள்ளை மூட்டம் ஈரக்காற்றின் வேலை. அதிகாலையில் ஈரப்பதம் அதிகம் என்பதை மறந்து பலர் விடிந்ததுமே அடிக்கிறார்கள். வெயில் ஏறியபின், நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தொலைவில், பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி சின்னச் சின்ன வீச்சாகச் செலுத்துங்கள். மழை நாளில் டப்பாவைத் தொடாமல் தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறுவதே நல்லது.

லேசான சொரசொரப்பை, ஒரு நாள் காயவிட்டு 1000 எண் ஈர உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். மோசமாகிவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நெருப்பு அருகில் இருக்கக் கூடாது. நகப்பூச்சு அகற்றியை மட்டும் எடுக்காதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் பொம்மையையே கரைத்துவிடும்.

கேள்வி: ஆயுதங்களை மாற்றிக்கொள்ளக் காந்தம் வைத்தேன். பீரங்கி கீழே தொங்கிவிடுகிறது.

ஒற்றை வட்டக் காந்தம் இழுத்துப் பிடிக்கும், ஆனால் சுழலாமல் தடுக்காது. 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்தம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடமில்லையென்றால் ஒரு காந்தத்தோடு சிறு கம்பி முளை ஒன்று. 2, 3, 5 மி.மீ. எனப் படிப்படியாகக் கையால் துளையிடுங்கள். வேகமான மின்துளைப்பானின் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். ஒரே அடுக்கிலிருந்து காந்தங்களை எடுத்து வெளிப்பார்த்த முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்தால் துருவம் தலைகீழாகாது. சிமெண்ட் இங்கே பயன்படாது, ஃபெவிகுவிக் வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலை இடையில் நெரித்துவிடும்.

கேள்வி: நீலக் கவசத்தில் தூரிகைக் கோடுகள். அவற்றை மறைக்க வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த கருவண்ணம்) ஊற்றினால் கறை வளையம்!

மின்விசிறியை நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை தீரும். அக்ரிலிக் ஒரு நிமிடத்தில் தோல்கட்டுகிறது. அதன்மேல் தூரிகையைத் திரும்ப ஓட்டினால் தோல் கிழிந்து கோடாகிறது. 10 மி.மீ. தட்டைத் தூரிகை, பால் பதத்தில் வண்ணம், ஒரே திசையில் ஒரே இழுப்பு. மூன்று நான்கு பூச்சு, நடுவில் இருபது நிமிடம். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பதறாதீர்கள்.

வாஷ் எலும்புக்கூட்டுக்கு உரியது. லெட்பெல்ச்சர் என்ற உலோக நிறம் பூசி, நுல்ன் ஆயில் என்ற கருப்பு வாஷைத் தாராளமாக விட்டு, காய்ந்தபின் வெள்ளி வண்ணத்தை உலர்தூரிகையால் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால்) மேடுகளில் தொட்டால் போதும். வழவழப்பான தகட்டில் அதே வாஷ் தேங்கி, விளிம்பில் காய்ந்து வளையமாகும். கவசத்துக்குப் பளபளப்பு வார்னிஷ் பூசி ஒரு நாள் விட்டு, ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் கரைத்த கருப்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை ரிவெட், பள்ளங்களில் மட்டும் நுனியால் தொடுங்கள். அது தானே ஓடிப் பரவும். அரைமணி கழித்து மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். வார்னிஷ் இல்லாமல் கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கில் இறங்கினால் இணைப்புகள் விரிசல் விடும்.

இந்த வார்னிஷ் கட்டத்திலேயே டெக்கால்களையும் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படங்கள்) ஒட்டுங்கள். பளபளப்பில்லாத சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாய் மின்னும்.

கேள்வி: ரெசினில் வார்த்த, நைட்டைவிடப் பெரிய டைட்டன் ரோபோவுக்கும் இதே முறையா?

வண்ணம் பூசுவது அதேதான். ஆனால் அச்சு எண்ணெய் போக வெந்நீரும் பாத்திர சோப்பும் கொண்டு முதலில் கழுவ வேண்டும். வளைந்த பாகத்தைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்தலாம். சிமெண்ட் ரெசினைக் கரைக்காது. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

கேள்வி: எல்லாம் சுத்தமாகச் செய்தும் பொம்மை பெரிதாகத் தோன்றவில்லை. ஏதோ கையடக்க விளையாட்டுச் சாமான்போல் இருக்கிறது.

கீறல்களைப் பாருங்கள். அரைவிரல் நீளக் கீறல் போட்டால், அந்த உலகத்தில் அது ஆள் உயர வெட்டு! ஸ்பாஞ்சின் மூலையில் கரும்பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் பெரும்பகுதியை ஒற்றி எடுத்துவிட்டு, தகட்டு விளிம்பிலும் கால்விரலிலும் மட்டும் தட்டுங்கள். முகத்துக்கும் முதுகு ஓட்டுக்கும் மிகக் குறைவாக. தூசு பாதத்தில் அடர்ந்து, முழங்காலை எட்டுமுன் மறைய வேண்டும்.

அடுத்தது பாதம். இவ்வளவு கனமான இயந்திரம் தரையை நசுக்காமல் நிற்காது. 170-க்கு 109 மி.மீ. நீள்வட்ட அடித்தட்டில் எம்-சீல் பரப்பி, பாதத்தின் அடியில் வாசலின் தடவி அழுத்தி எடுங்கள். வாசலின் இல்லாமல் அழுத்தினால் பாதம் புதைந்தே போகும். தடம் இறுகியதும் பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, 1 மி.மீ. கம்பி முளையால் அந்தத் தடத்திலேயே நிறுத்துங்கள். பக்கத்தில் ஆள் அளவுக் கதவோ படிக்கட்டோ ஒன்று வையுங்கள். கண் உடனே அதை வைத்து உயரத்தை அளக்கும்.