ஜப்பான் பையர் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: கரூரில் இருபது வருடமாக டேபிள் கிளாத், கிச்சன் டவல், மேட் என்று வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குத்தான். 2025 ஆகஸ்டில் அங்கே வரி 50 சதவீதம் ஆனபோது பட்ட பாட்டில், இன்னொரு நாடும் வேண்டும் என்று முடிவு செய்தோம். ஜனவரியில் ஃபிராங்க்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஒரு ஜப்பான் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வாங்கிப் போனார்கள். விலை அனுப்பியதும் நாற்பது கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். ‘பரிசீலிக்கிறோம்’ என்று ஒரு மெயில் வந்தது. இப்போது ஏப்ரல் முடியப்போகிறது, சத்தமே இல்லை. அவர்களுடைய வியாபாரப் பண்பாட்டைப் படிக்கலாம் என்று நெட்டில் தேடினால், எப்படிக் குனிவது, விசிட்டிங் கார்டை எப்படி நீட்டுவது என்றுதான் வருகிறது. உண்மையில் எதைப் படிக்க வேண்டும்? எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அந்தக் கார்டு விஷயத்தை முடித்துவிடுவோம். இரண்டு கையாலும் கொடுங்கள், இரண்டு கையாலும் வாங்குங்கள், வாங்கியதைப் படியுங்கள், பேச்சு முடியும்வரை மேஜை மேலேயே இருக்கட்டும், அதன்மேல் பேனாவால் எதையும் கிறுக்காதீர்கள். அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர் இதில் தடுமாறினார் என்பதற்காக யாரும் ஆர்டரை நிறுத்துவதில்லை. பெரியவர்களிடம் வெற்றிலைத் தட்டு நீட்டிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு பாடமே இல்லை.

படிக்க வேண்டியவை இரண்டு. அந்தக் கம்பெனிக்குள் ஒரு முடிவு எப்படி நகர்கிறது என்பது ஒன்று. எதை நினைத்து அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராது என்பது இன்னொன்று.

முடிவைப் பற்றி முதலில். ஃபிராங்க்பர்ட்டில் உங்கள் ஸ்டாலுக்கு வந்தவருக்கு ‘சரி, வாங்கிக்கொள்கிறோம்’ என்று சொல்லும் அதிகாரம் அநேகமாக இருக்காது. ஜப்பானில் ‘நெமவாஷி’ என்று ஒரு சொல் உண்டு. வளர்ந்த மரத்தை இடம் மாற்றுவதற்குக் கொஞ்ச காலம் முன்பே சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேரைப் பக்குவப்படுத்தி வைக்கும் தோட்ட வேலைக்கான பெயர் அது. ஆபீஸில் அதன் பொருள், கூட்டம் போடுவதற்கு முன்பே தரக்கட்டுப்பாடு, கிடங்கு, விற்பனை, கணக்கு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதம் வாங்கிவைப்பது. அதன்பிறகு ‘ரிங்கி’ என்ற முறையில் ஒரு தாள் கீழிருந்து மேலே போய் ஒவ்வொரு மேஜையிலும் முத்திரை வாங்கும். இப்போது பல இடங்களில் அது கம்ப்யூட்டரில் நடக்கிறது. நம் ஊரில் முதலாளியைப் பிடித்தால் காரியம் முடியும். அங்கே முதலாளி கடைசி முத்திரை, பல நேரம் அவ்வளவுதான்.

அந்த நாற்பது கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். கேட்டவர் ஒருவர், கேட்க வைத்தவர்கள் ஏழெட்டுப் பேர். விலையைப் பார்த்த பிறகும் கேள்வி வந்ததை நல்ல சகுனமாகவே நான் எடுத்துக்கொள்வேன். வெறும் நன்றியோடு நின்றிருந்தால்தான் கவலை.

அவர்கள் எழுதிய ‘பரிசீலிக்கிறோம்’ என்பதற்கு மூலம் ‘கென்தோ ஷிமாஸ்’ ஆக இருக்கும். இதற்கு ‘இல்லை’ என்று ஒரே பொருள் சொல்லும் புத்தகங்களை நம்பாதீர்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்கிறார்களே, அது மாதிரி. சில நேரம் உண்மையிலேயே கலந்து பேசுவார்கள். ‘கொஞ்சம் கஷ்டம்’ என்று வந்தால் மட்டும் அது முடியாது என்பதுதான். ‘ஆமாம்’ என்பதற்கான ‘ஹை’ என்ற சொல்லோடு தலையாட்டினால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று பொருள், சம்மதம் ஆகாது. ‘பார்க்கலாம்’ என்ற ஒரே வார்த்தையில் மூன்று பொருள் வைத்துப் பேசும் நமக்கு இதைப் பிடிப்பது ஜெர்மன்காரரைவிடச் சுலபம்.

நமக்குக் கஷ்டமானது வேறு. ‘ஆயிடும் சார், வர்ற வாரம் அனுப்பிடறோம்’ என்று நாம் மரியாதைக்குச் சொல்வதை அவர்கள் தேதியாகக் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தேதியை நம்பி அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் வாக்குக் கொடுத்திருப்பார். தவறினால் அவமானம் அவருக்கு. பத்து நாள் ஆகும் என்று தெரிந்தால் பதினைந்து என்று எழுதி, பன்னிரண்டில் அனுப்புங்கள்.

அடுத்தது அவர்கள் பயம். ஐரோப்பிய பையருக்கு மீட்டருக்கு இத்தனை குறை வரை சரி என்று ஒரு கணக்கு இருக்கும். ஜப்பானில் துணிக்குள் ஓர் ஊசி முனை அகப்பட்டால் அது கணக்கில் அடங்காது. பொருளால் ஏற்படும் சேதத்துக்குத் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் பொறுப்பு என்ற சட்டம் 1995 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதாவது உங்கள் தையல் யூனிட்டில் உடைந்த ஊசிக்கு டோக்கியோவில் உங்கள் பையர் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் பேக்கிங்குக்கு முன்னால் ஒவ்வொரு பீஸும், துணிக்குள் ஊசித் துண்டு இருக்கிறதா என்று காட்டும் நீடில் டிடெக்டர் மெஷினுக்குள் போயாக வேண்டும் என்கிறார்கள், உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் நோட்டில் ஒட்டிவைத்துத் தேதி போடச் சொல்கிறார்கள். ஒரு துண்டு குறைந்தால் அன்றைய சரக்கு முழுவதும் நிற்கும்.

சில வருடம் முன்பு ஓர் ஆலைக்காக நானே இப்படி மாட்டிக்கொண்டேன். சரக்கில் பத்துப் பன்னிரண்டு பீஸில் ஓரத் தையல் பிரிந்திருந்தது. பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், மாற்றுப் பீஸ் அனுப்புகிறோம் என்று உடனே எழுதினோம். தாராளமாக நடந்துகொண்டதாக எங்களுக்கு நினைப்பு. அவர்கள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஏன் பிரிந்தது, எந்த மெஷின், அன்றைக்கு யார் செக்கிங், இனி வராமல் இருக்க என்ன மாற்றினீர்கள் என்று திரும்பத் திரும்ப மெயில். ‘இனி நடக்காது’ என்று மூன்று தடவை எழுதினோம், மெஷின் பக்கம் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. மறு ஆர்டர் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை, மரியாதையாக வாழ்த்து அட்டை மட்டும் வந்தது.

ஆகவே வெளியே தேடும் முன் உங்கள் செக்கிங் டேபிளைப் போய்ப் பாருங்கள். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குத் தைக்க வெளி யூனிட்டுக்குப் போகும் சரக்கில் எந்த பீஸ் எந்த யூனிட்டில் தைத்தது என்று ஒரு மாதம் கழித்துச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஜப்பான் டிக்கெட்டை அப்புறம் போடலாம்.

வரி ஒரு தடை இல்லை. இந்தியா–ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. சரக்கு இந்தியாவில் தயாரானது என்ற பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால் பெரும்பாலான ஜவுளிக்கு அங்கே சுங்கவரி கிடையாது. அப்படி இருந்தும் அங்கே கடைகளை நிறைத்திருப்பது சீனா, வியட்நாம் சரக்குதான். விலையைக் குறைத்தால் உள்ளே போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

சட்டப் பக்கம், ஐரோப்பாவுக்கும் அனுப்பிப் பழகியிருந்தால் உங்களுக்குப் பாதி தெரிந்ததே. புற்றுநோய் அபாயத்துக்காகத் தடைசெய்த அசோ வகைச் சாயங்களுக்கு 2016 ஏப்ரலிலிருந்து அங்கேயும் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) வரம்பு. புதிதாக இருக்கப்போவது ஃபார்மால்டிஹைடு, துணிக்குப் போடும் சில ரெசின்களிலிருந்து வெளிவரும் ரசாயனம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைத் துணியில் அது கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவில்தான் இருக்கலாம். கறை பிடிக்காத டேபிள் கிளாத்துக்கு ரெசின் போட்டு, அதே கிடங்கில் குழந்தை கழுத்தில் கட்டும் பிப்பையும் திறந்து வைத்தால், இதிலிருந்து அதற்கு ஏறிவிடும். குழந்தை பீஸைத் தனி அறையில், பாலிதீன் பையில் மூடி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிறகு ஊருக்குப் போய்ப் பாருங்கள். மீட்டிங்குக்கு முன்னால் இரண்டு நாள் கடைகளுக்கு ஒதுக்குங்கள்: நிட்டோரி, முஜி என்ற வீட்டுப் பொருள் கடைச் சங்கிலிகள், ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், ஒரு நூறு யென் கடை. உங்கள் வகைப் பொருள் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி, அளவெடுத்து, லேபிளைப் படித்து, ஊருக்கு வந்து பத்துத் தடவை துவையுங்கள். அமெரிக்க சைஸ் அங்கே பல மேஜைகளுக்குப் பொருந்தாது. முடிந்தால் எஹிமே மாகாணத்தில் இமாபாரிக்கும் ஒரு நடை. டவலுக்கு அது அவர்களுடைய கரூர். வெட்டிய டவல் துண்டைத் தண்ணீரில் போட்டால் 5 விநாடிக்குள் மூழ்கத் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் முத்திரைக்கான விதி. கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நாம் ஊற்றும் சிலிக்கோன் சாஃப்ட்னரை நினைத்துப் பாருங்கள். அந்தத் துண்டு மிதந்துகொண்டே இருக்கும். எந்தப் பண்பாட்டுப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது.

நேரடியாகக் கடைச் சங்கிலிக்கு விற்பதைவிட ஒரு சிறிய வர்த்தக நிறுவனம் வழியாகப் போவது உங்கள் அளவுக்கு நல்லது என்பது என் கருத்து. கமிஷன் வலிக்கும்தான். ஆனால் மொழி, பரிசோதனை, சில்லறைப் புகார் எல்லாம் அவர்கள் தலையில். ஒசாகாவின் செம்பா பகுதி ஜவுளி மொத்த வியாபாரத்துக்குப் பழைய இடம். டோக்கியோக்காரரைவிட அங்கே பணப் பேச்சு கொஞ்சம் வெளிப்படையாக இருக்கும் என்று ஜப்பானியர்களே சொல்வார்கள். எந்தக் கம்பெனியானாலும் கம்பெனிகளின் நிதி நிலையை விசாரித்துச் சொல்லும், 1900-லிருந்து இருக்கும் தெய்கோகு டேட்டாபேங்க் போன்ற இடத்தில் கடன் நாணய அறிக்கை ஒன்றை விலைக்கு வாங்குங்கள். அவர்களும் உங்களைப் பற்றி விசாரித்திருப்பார்கள். யென்னையும் கவனியுங்கள்: 2024-ல் மதிப்பு விழுந்து டாலருக்கு 160 யென்னைத் தாண்டியது. டாலரில் விலை சொன்னால் அந்த அடி இறக்குமதியாளருக்கு.

சென்னையிலேயே செய்யக்கூடியதும் நிறைய. ஜெட்ரோ என்னும் ஜப்பான் அரசு வர்த்தக அமைப்புக்கு அங்கே அலுவலகம் இருக்கிறது. கண்காட்சிப் பட்டியலும் இறக்குமதி விதிகளும் அவர்கள் தளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும். ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் ஜப்பானிய மொழி படித்த ஒருவரை மெர்ச்சண்டைசிங்கில், அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் மொழிபெயர்ப்புக்கு என்று நினைக்காதீர்கள். ஒரு மெயிலில் குளிர் அடிக்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று சொல்ல ஆள் வேண்டும்.

இப்போது உங்கள் பையரின் மௌனம். ஜப்பானில் நிதியாண்டு நம்மைப் போலவே ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. பல கம்பெனிகளில் ஆட்களை இலாகா மாற்றுவதும் அந்தத் தேதியில்தான். உங்களிடம் நாற்பது கேள்வி கேட்டவர் இப்போது வேறு மாடியில் உட்கார்ந்திருக்கலாம், ஃபைல் புது ஆள் மேஜையில் இருக்கலாம். ஏப்ரல் கடைசியில் கோல்டன் வீக் விடுமுறை தொடங்கிவிடும், மே முதல் வாரம் வரை யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள்.

அதனால் ‘எனி அப்டேட் சார்?’ என்று இப்போது எழுதாதீர்கள். மே இரண்டாவது வாரம், முதலில் பேசியவருக்கும் அந்தப் பிரிவின் பொது முகவரிக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்புங்கள். அதில் அவர்களுடைய நாற்பது கேள்வியும் உங்கள் பதிலும் ஒரே தாளில் இருக்கட்டும், புது ஆள் தேட வேண்டியதில்லாமல். கூடவே சாஃப்ட்னர் இல்லாத கிச்சன் டவல் சாம்பிள் இரண்டு கூரியரில் போகட்டும், ஒன்று துவைக்காதது, ஒன்று பத்துத் தடவை துவைத்தது. செப்டம்பரில் டோக்கியோ பிக் சைட் அரங்கில் நடக்கும் கிஃப்ட் ஷோ வர்த்தகக் கண்காட்சிக்கு வரப்போகிறீர்கள் என்றால் தேதியையும் எழுதிவிடுங்கள். ஆனால் டிக்கெட் போட்ட பிறகு.