கடைசி ரயில் போன வருடம் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

பின்லாந்து பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்த நாட்டுப் பெரியவர்கள் 1952ஆம் வருடத்தைப் பொற்காலம் மாதிரி நினைவுகூர்வதாகச் சொல்லியிருந்தீர்கள். ஒலிம்பிக் நடந்தது, ஒரு பெண் பிரபஞ்ச அழகி ஆனார், கோகோ கோலா வந்தது. ஒரு தேசம் பெருமைப்பட இதெல்லாம் போதுமா? அதைவிட உறுத்தியது, சோவியத்துக்குப் போர் நஷ்டஈடு கட்டியதைப் பெருமையாக எழுதியது. ‘30 கோடி டாலரையும் கட்டி முடித்தார்கள்’ என்கிறீர்கள். தன்னைத் தாக்கியவனுக்கே தண்டம் அழுவதில் என்ன பெருமை?

எம். ரா.

அன்புள்ள எம். ரா.,

முதலில் என் தவறு. 30 கோடி என்பது 1944 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. 1948இல் பாக்கியில் பாதியை மாஸ்கோ தள்ளுபடி செய்தது. கடைசியில் பின்லாந்து கொடுத்தது சுமார் 22.65 கோடி டாலர் மதிப்புக்கு. அவசரத்தில் முழுத்தொகையையும் எழுதிவிட்டேன்.

‘தாக்கியவனுக்கே’ என்பதும் பாதிதான் சரி. 1939இல் அடித்தது சோவியத். 1941இல் ஜெர்மனியோடு சேர்ந்து திருப்பி அடிக்கப் போனது பின்லாந்து, 1944இல் தோற்றது. ஏற்கெனவே கிழக்கு எல்லையிலிருந்த கரேலியா பகுதி சோவியத்திடம் போய்விட்டது. அங்கிருந்து வந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மிச்சமிருந்த நாட்டில் நிலம் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். மொத்த ஜனத்தொகையே சுமார் 40 லட்சம். நஷ்டஈட்டுச் சீட்டு வந்தது இந்த நிலைமையில்தான்.

காசாகக் கட்ட முடியாது, பொருளாகத்தான் தர வேண்டும். அந்தப் பொருளுக்கு விலை 1938ஆம் வருடக் கணக்கில், மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்றைய விலைக்குச் செய்து அன்றைய விலைக்குக் கொடுப்பது. கெடு தாண்டினால் மாதத்துக்கு 5 சதவீதம் அபராதம். சரி, காடு நிறைந்த நாடுதானே, மரமும் காகிதமும் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், பட்டியலில் அவை மூன்றில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கப்பல், ரயில் எஞ்சின், காகித ஆலைக்கான இயந்திரங்கள், கேபிள். பலவற்றை அவர்கள் அதற்கு முன் பெரிதாகச் செய்ததே இல்லை. ஆலை கட்டி, ஆள் பழக்கி, செய்து அனுப்பினார்கள். 1947இல் மார்ஷல் திட்டத்தில் அமெரிக்க உதவி கிடைத்திருக்கும். மாஸ்கோ கோபித்துக்கொள்ளும் என்று அதையும் வாங்கவில்லை. எட்டு வருடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில் பெட்டிச் சரக்கு. 1952 செப்டம்பர் 18 அன்று வைனிக்கலா எல்லையைக் கடைசி ரயில் தாண்டியது. அப்புறம் அதே ஆலைகள் அதே சரக்கை அதே ஆளுக்குக் காசுக்கு விற்றன.

எங்கள் அப்பா வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று, பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் படுத்துத் தூங்கிப்போனார். கடன் நியாயமான கடனா என்ற கேள்வியெல்லாம் அந்தத் தூக்கத்துக்குள் வராது. நான் பெருமை என்று எழுதியது அதைத்தான். வார்த்தையை இன்னும் பார்த்துப் போட்டிருக்கலாம்.

அழகிப் பட்டம் பற்றி எனக்கும் பெரிய அபிப்பிராயம் இல்லை. அர்மி கூசெலாவுக்கு அப்போது 17 வயது. அந்தப் போட்டி நடந்ததே அதுதான் முதல் தடவை. கோலாவை விட்டுவிடலாம். காபிக்கு ரேஷன் ஒழிய அவர்கள் 1954 வரை காத்திருந்தார்கள். காபி இல்லாமல் ஒரு பின்லாந்துக்காரர் எப்படி இருந்திருப்பார் என்பது நமக்கும் கொஞ்சம் புரியும்.

ஒலிம்பிக்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது 1940இலேயே ஹெல்சிங்கியில் நடக்க வேண்டியது, மைதானம் 1938இலேயே தயார். போர் வந்து பன்னிரண்டு வருடம் தள்ளிப்போட்டது. ஜூலை 19, மழை. தீபத்தோடு மைதானத்துக்குள் யார் ஓடி வரப்போகிறார் என்று யாருக்கும் சொல்லவில்லை. வந்தவர் பாவோ நுர்மி. ஓட்டத்தில் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், பந்தயத்தில் ஓடுவதற்குக் காசு வாங்கினார் என்று 1932 ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டவர். இப்போது வயது 55, தலை வழுக்கை. அந்த ஓட்ட நடையை வைத்தே கூட்டம் கண்டுகொண்டது. வரிசையில் நின்ற வெளிநாட்டு வீரர்கள் அணிவகுப்பைக் கலைத்துக்கொண்டு தடத்தின் ஓரத்துக்கு ஓடினார்கள். அந்தப் போட்டியில்தான் சோவியத் அணி முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது. கடைசி ரயில் போக அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கடன்காரனும் கடன் கொடுத்தவனும் ஒரே மைதானத்தில்.

உங்கள் கோபத்துக்கு என்னிடம் இருக்கும் சரியான பதில் வேறு ஒரு ரயில். ஹெல்சிங்கிக்குப் பக்கத்திலேயே போர்க்கலா என்ற இடத்தைக் கடற்படைத் தளத்துக்காக சோவியத் குத்தகைக்கு எடுத்திருந்தது. துர்க்கு நகரத்திலிருந்து தலைநகருக்கு வரும் ரயில் பாதை அதன் குறுக்கே போகிறது. எல்லை வந்ததும் ரயிலை நிறுத்தி, ஜன்னல்களை வெளியிலிருந்து பலகை போட்டு மூடி, சோவியத் எஞ்சினை மாட்டுவார்கள். அந்தப் பக்கம் போனதும் பலகையை எடுப்பார்கள். உலகத்திலேயே நீளமான சுரங்கப்பாதை என்று ஜனங்கள் அதைக் கேலி செய்தார்கள். 1956 ஜனவரியில்தான் அந்த இடம் திரும்பக் கிடைத்தது. ஆக, 1952 ஜூலையில் துர்க்குவிலிருந்து ரயிலேறி ஒலிம்பிக் பார்க்க வந்தவர்கள், அந்தக் கொஞ்ச தூரம் சொந்த நாட்டைப் பார்க்க முடியாமல் இருட்டுக்குள் உட்கார்ந்துதான் வந்தார்கள்.