காரை ஓட்டும்போதே டயரின் காற்று தெரிய வேண்டும்

கேள்வி: ஐயா, என்னிடம் 2018இல் வாங்கிய சிறிய கார் இருக்கிறது. மாதம் ஒருமுறை அம்மாவின் கண் சிகிச்சைக்காகப் பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போய் வருகிறோம். போன மாதம் அச்சிறுபாக்கம் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் பின் இடது டயரில் காற்றே இல்லை. ஆணியை எடுத்துப் பஞ்சர் ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். கடைக்காரர் டயரையே மாற்றச் சொல்லிவிட்டார். டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவி வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வால்வின் மேல் மூடிபோலத் திருகுவது ஒன்று, டயருக்குள்ளே பொருத்துவது ஒன்று என்கிறார்கள். இரண்டாவதற்கு விலை கூடுதல். எதை வாங்குவது?

பதில்: முதலில் அந்தக் கடைக்காரர் மேல் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தீர்களா? நின்றிருந்தால் உள்ளேயிருந்து காப்பித்தூள்போலக் கறுப்பாகப் பொடி கொட்டியதைப் பார்த்திருப்பீர்கள். அது டயரின் பக்கச்சுவர் ரப்பர். காற்று இல்லாமல் ஓடும்போது பக்கச்சுவர் மடிந்து, தன் மேலேயே உரசி அரைபட்டுப் பொடியாகிறது. உட்புறம் விரலை விட்டால் வட்டமாக ஒரு பள்ளம் தட்டுப்படும். அப்படிப்பட்ட டயரில் பஞ்சர் ஒட்டிக் கொடுப்பது பாவம். இருபத்தாறு ஆண்டுகள் டயர் கடை நடத்தினேன். ஆணி குத்தியதால் தூக்கிப் போட்ட டயர்கள் கொஞ்சம்தான். ஆணி குத்தியது தெரியாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியதால் தூக்கிப் போட்டவைதான் ஏராளம். ஆணி ஏறியவுடன் எல்லாக் காற்றும் போய்விடுவதில்லை. ஆணியே துளையை அடைத்துக்கொண்டிருக்கும்; காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். பின் டயர் என்றால் ஸ்டீயரிங்கிலும் சீக்கிரம் தெரியாது. அந்த அரைமணி நேரத்தில் உங்களை எச்சரிக்கத்தான் இந்தக் கருவி. அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள், கட்டாயம் வாங்குங்கள்.

எதை வாங்குவது என்பதற்கு, உங்கள் டயர்களின் வயதைப் பார்த்துத்தான் சொல்வேன். உள்ளே பொருத்தும் சென்சார் வால்வின் அடியோடு சேர்ந்து ரிம்முக்குள் உட்காரும். அதை மாட்ட நான்கு டயரையும் கழற்ற வேண்டும், பிறகு வீல் பேலன்ஸிங் செய்ய வேண்டும். உங்கள் கார் 2018 மாடல். ஒரு டயர் இப்போதுதான் புதிது. மற்ற மூன்றும் இன்னும் ஆரம்பத்தில் வந்தவைதான் என்றால் அவற்றுக்கும் மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றும் அன்றே உள்ளே பொருத்துவதைப் போட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கழற்றும் கூலி மிச்சம். சேறும் கல்லும் படாது, யாரும் திருடவும் முடியாது. அதன் பேட்டரியை மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

டயர்களை அண்மையில்தான் மாற்றினீர்கள் என்றால் மூடி வகையே போதும். ஆனால் அதில் ஒரு சிக்கலைப் பல கடைகளில் சொல்வதில்லை. அந்த மூடி, வால்வுக்குள் இருக்கும் ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போதுதான் அழுத்தத்தை அளக்க முடியும். ஆகவே அதன் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால், காற்றைக் காவல் காக்க வாங்கிய பொருளே காற்றை வெளியே விடும். மாட்டியவுடன் சோப்பு நுரையைச் சுற்றிலும் தடவி ஒரு நிமிடம் பாருங்கள், குமிழி வருகிறதா என்று. இரண்டாவது, ரப்பர் வால்வு. உங்கள் கார் வால்வை ஒரு பக்கமாக மெல்ல வளைத்து அதன் அடியைப் பாருங்கள். தலைமுடிபோல மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அந்த வால்வில் எதையும் மாட்டாதீர்கள். சக்கரம் வேகமாகச் சுழலும்போது மூடியின் எடை அதை வெளிப்பக்கம் இழுக்கும். நட்டு வைத்து இறுக்கும் பித்தளை வால்வாக மாற்றிக்கொண்டு அதில் மாட்டுங்கள். ஒவ்வொரு முறை காற்று அடிக்கும்போதும் மூடியைக் கழற்ற வேண்டும். திருட்டுத் தடுப்பு நட்டு வைத்ததென்றால் அதற்கான சிறிய ஸ்பேனர் வண்டியிலேயே இருக்கட்டும். பொத்தான் பேட்டரியை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் எண்களைக் காட்டும் தனித்திரையும் ‘பீப்’ ஒலியும் இருக்க வேண்டும். செல்பேசிச் செயலியில் மட்டும் காட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வழிகாட்டும் வரைபடத்தையும் வரும் அழைப்பையும் காட்டிக்கொண்டிருக்கும் செல்பேசி, டயரையும் கவனிக்கும் என்று நம்பி வண்டி ஓட்ட முடியாது. டாஷ்போர்டில் ஒட்டும் சூரிய ஒளித் திரைகள் பார்க்க அழகு. ஆனால் மே மாத வெயிலில் கண்ணாடிக்கு அடியில் நாள் முழுக்கக் கிடந்து, பேட்டரி உப்பிப் போன திரைகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது நல்லது.

வாங்கியதும் எச்சரிக்கை எல்லையை நீங்களே வைக்க வேண்டும். பெட்டியில் வந்தபடியே விடாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயரில் இருக்க வேண்டிய அழுத்தம் அதில் இருக்கும். 230 கேபிஏ என்று இருந்தால், கடையில் காற்று அடிக்கும் பிஎஸ்ஐ கணக்கில் அது ஏறத்தாழ 33. அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் இக்கருவி கட்டாயம். அங்கே சட்டம் கேட்பது, அழுத்தம் 25 சதவீதம் குறையும்போதாவது விளக்கு எரிய வேண்டும் என்பது. 33 உள்ள டயரில் அது கிட்டத்தட்ட 25. உங்களுக்கு அவ்வளவு தாமதம் வேண்டாம். கீழ் எல்லையை 29இல் வையுங்கள். மேல் எல்லையை 41இல் வையுங்கள்.

கேள்வி: காலையில் கடையில் 33 அடித்தேன். உளுந்தூர்ப்பேட்டை போவதற்குள் கருவி 37 காட்டியது. காற்றைக் குறைத்துவிட்டேன். சரியா?

பதில்: தவறு. வீடு திரும்பி, இரவு முழுக்க நின்ற டயரை மறுநாள் காலையில் அளந்து பாருங்கள், 30க்கும் கீழே இருக்கும். சக்கரம் ஓடினால் டயர் சூடாகும், சூடானால் அழுத்தம் மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஸ்டிக்கரில் எண் போட்டிருக்கிறார்கள். அந்த எண் குளிர்ந்த டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளப்பதுதான் கணக்கு. பயணத்தில் எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று டயர் 37 காட்டி ஒன்று மட்டும் 33இலேயே நின்றால், அந்த ஒன்றில் ஏதோ இருக்கிறது. எச்சரிக்கை ஒலி வராது. ஆனால் நான் அடுத்த டீக்கடையில் இறங்கி அந்த டயரைக் கையால் தடவிப் பார்ப்பேன்.

கேள்வி: புதுக் காரில் டயர் விளக்கு எரிந்தது. காற்று அடித்த பிறகும் அணையவில்லை. எண் எதுவும் காட்டவில்லை. சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: உங்கள் காரின் டயருக்குள் சென்சாரே இல்லாமல் இருக்கலாம். ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் சென்சார்களை வைத்தே சில கார்கள் இதைக் கண்டுபிடிக்கின்றன. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறியதாகி, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசம்தான் விளக்கை எரிய வைக்கிறது. நான்கிலும் ஒரே அளவாகக் காற்று இறங்கினால் இந்த முறை ஏமாந்துவிடக்கூடும். ஆகவே மாதம் ஒருமுறை கேஜ் வைத்து அளப்பதை நிறுத்தாதீர்கள். நான்கு டயரும் குளிர்ந்திருக்கும்போது சரியான அளவு அடித்துவிட்டு, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் 2020இல் மோட்டார் வாகன விதியைத் திருத்திய பிறகு, இக்கருவியும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம். ரீசெட் செய்து ஒரு வாரத்துக்குள் விளக்கு மறுபடி எரிந்தால், அழுத்தம் குறைந்த சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வின் அடியையும் ரிம் ஓரத்தையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.