ஒரு அறையை மட்டும் தொடாதீர்கள்: வீட்டு வேலை, செல்லப்பிராணி, புத்தகம் – கேள்வி பதில்

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வேலை. குளியலறைக் கசிவில் ஆரம்பித்து இரண்டு அறைக்குப் பட்டி, பெயிண்ட் வரை போனது. அதே மாதம் விலங்குக் காப்பகத்தில் ஆள் குறைவு என்று வாரம் மூன்று நாள் அங்கே. கட்டட மேற்பார்வை எனக்குப் பிழைப்பு, காப்பகம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அதனால் இரண்டு பக்கத்துக் கேள்விகளும் என்னிடம்தான் வருகின்றன. சேர்ந்தவற்றுக்கு இங்கே மொத்தமாகப் பதில்.

கேள்வி: அக்கா, வீட்டில் பெயிண்ட், பிளம்பிங், மின்சாரம் மூன்றும் பாக்கி. ஒரு நாய், ஒரு அலமாரி நிறையப் புத்தகம், கையில் ஒரே ஒரு மாதம். எதில் ஆரம்பிப்பது?

தண்ணீரில் ஆரம்பியுங்கள். கசிவு நிற்காமல் அடிக்கிற பெயிண்ட் எல்லாம் உரிந்து விழத்தான். அடுத்து சுவரை வெட்டுகிற வேலைகள், அதாவது வயர், குழாய். அதன் பிறகு பூச்சு, பட்டி, பெயிண்ட், கடைசியாகத் தரை. எப்போதும் மேலிருந்து கீழே வாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் உண்டு. வீட்டில் ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, இந்த மாதம் அதில் யாரும் ஆணி கூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நாயின் படுக்கை, புத்தகப் பெட்டிகள், நீங்கள் உட்கார ஒரு நாற்காலி, ஒரு விளக்கு எல்லாம் அங்கே போகட்டும். கதவின் அடி இடுக்கில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தால் தூசி பாதி குறையும். அந்த அறையின் முறை கடைசியில் வரும், இல்லை வராமலே போகும். என் வீட்டில் அது மூன்று வருடமாக அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: இரண்டு பூனைகள் இருக்கின்றன. வாசமே இல்லாத பெயிண்ட், அன்று மாலையே உள்ளே விடலாம் என்கிறார் பெயிண்டர். நம்பலாமா மேடம்?

வாசம் இல்லை என்பதால் ஆவியும் இல்லை என்று ஆகிவிடாது. தண்ணீரில் கலக்குகிற எமல்ஷன் பெயிண்ட் ஓரிரண்டு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும், ஆனால் அது முழுதாக இறுகி முடிய இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும். அதுவரை பூனையைத் தள்ளி வைக்க முடியாது, தேவையும் இல்லை. குறைந்தது இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்து போட்டு, உங்கள் மூக்குக்கே ஒன்றும் தெரியாத பிறகு விடுங்கள். எண்ணெய் வகையான எனாமல் பெயிண்ட் என்றால் இன்னும் கூடுதல் நாள் ஆகும்.

எனக்கு ஆவியைவிடப் பெரிய பயம், பூனை பெயிண்டில் உரசிக்கொண்டு வருவதுதான். அது உடனே நக்க ஆரம்பித்துவிடும், மேலே பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். எமல்ஷன் ஈரமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். எனாமல் பட்டால் எக்காரணம் கொண்டும் டர்பன்டைன், தின்னர் பக்கம் போகாதீர்கள். அது தோலைப் பொசுக்கும், நக்கினால் விஷம். பட்ட முடியைக் கத்தரித்து எடுத்துவிடுவதே நல்லது. சில நாள் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான்.

வேலை முடிந்து தரையைத் துடைக்கும்போதும் கவனம் வேண்டும். தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகக் கலங்குகிற கிருமிநாசினிகள் பலவற்றில் ஃபீனால் வகைப் பொருட்கள் இருக்கும். பூனையின் கல்லீரலுக்கு அவற்றை மாற்றி வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டி, நக்கி, உள்ளே போய்விடும்.

அப்புறம், சுவரிலோ பொய்க்கூரையிலோ எந்தத் திறப்பையும் மூடுவதற்கு முன் பூனைகளை எண்ணுங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் பூனை ஒரு மாலை முழுக்க ஜிப்சம் பலகைக்குப் பின்னால் இருந்து கத்தியது.

கேள்வி: கிளி வளர்க்கிறேன். வேறு அறையில் வைத்தால் போதுமா?

போதாது. வேறு வீட்டில் வையுங்கள். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் நம்மைவிட அதிகமாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், நஞ்சு இருந்தால் அதையும் சேர்த்துத்தான். ஒட்டாத பூச்சு போட்ட வாணலி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற புகையில் பறவைகள் நிமிடங்களில் செத்துப்போவதும் இதனால்தான். வேலை நடக்கிற அவசரத்தில் அடுப்பில் எதையாவது மறந்து வைப்பது சகஜம், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: மீன் தொட்டி?

காற்றுப் பம்பு அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது, பெயிண்ட் ஆவியும் கூடவே போகும். பம்பைப் பக்கத்து அறையில் வைத்து நீளக் குழாய் கொடுங்கள். தொட்டியை ஈரத் துணியாலோ பாலிதீனாலோ மூடுங்கள். தண்ணீரோடு தொட்டியை நகர்த்தப் பார்க்காதீர்கள், 100 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ.

கேள்வி: டிரில் ஓடினாலே எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. பழகிவிடுமா அக்கா?

நாம் கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ், நாய்க்குக் கேட்பது சுமார் 45,000 வரை. நமக்குக் கேட்காத கீச்சும் அதற்குக் கேட்கிறது. பழகும் என்று பக்கத்தில் கட்டிப்போடாதீர்கள். காலையில் ஆட்கள் வருவதற்கு முன் நன்றாக நடத்திக் களைக்க வையுங்கள், பிறகு அந்தத் தொடாத அறை. கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். சாமான் தூக்குகிறவர்கள் கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போவார்கள். தொலைந்துபோன நாயைத் தேடிக் காப்பகத்துக்கு வருகிறவர்களிடம் கேட்டால், பலர் வீட்டில் வேலை நடந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

பசைக் குப்பியையும் சொல்ல வேண்டும். பாலியூரிதேன் வகை மரப்பசை சற்று இனிப்பாக இருக்கும், நாய்கள் குப்பியோடு கடித்துவிடும். வயிற்றுக்குள் ஈரம் பட்டதும் அது பல மடங்கு உப்பி, கல் மாதிரி இறுகிவிடும். கையளவு கூட வேண்டாம், ஒன்றிரண்டு வாய் போதும். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, வரும் வழியில் உணவுக்குழாயிலேயே அடைத்துக்கொள்ளலாம். நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்துதான் எடுப்பார்கள்.

கேள்வி: பழைய வீடு. சுவரிலும் கதவிலும் பல அடுக்குப் பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? நாய்க்குட்டி இருக்கிறது.

உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயம் இருந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் அதைத் தடை செய்ததே 1978-இல்தான், பல நாடுகளில் இன்னும் தாமதம். தேய்த்தால் ஈயத்தூசி தரையில் படியும், குட்டியின் பாதத்தில் ஒட்டும், நக்கும்போது உள்ளே போகும். தவழும் குழந்தைக்கும் இதே ஆபத்து. முதலில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்து, பெயிண்டும் உரியாமல் இருந்தால் அதன் மேலேயே அடித்து மூடிவிடுவது பாதுகாப்பு. உரிகிறது என்றால் அதற்குப் பழகியவர்களைக் கூப்பிடுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பி ஊதும், அதை இதற்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: புத்தக அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. தண்ணீர் புகாத பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஒரு சதுர அடி பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். ஈரம் சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் சுவருக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, கசிவைத் தேடுங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது, காற்றோட்டம்தான் குறை. முதல் வகைக்கு மேலே எதை அடித்தாலும் உள்ளே இருக்கிற உப்பு பூத்துத் தள்ளிவிடும். இரண்டு வகைக்கும் அலமாரியைச் சுவரை விட்டு மூன்று நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள்.

கேள்வி: அறுநூறு புத்தகம். எப்படிக் கட்டி வைப்பது? பாச்சை உருண்டை எவ்வளவு போட வேண்டும்?

ஒன்று கூடப் போட வேண்டாம். நாப்தலின் உருண்டை நாய்க்கும் பூனைக்கும் விஷம், பூனைக்கு இன்னும் மோசம். அந்த வாடை தாளை விட்டுப் போகவும் போகாது. தாளை அரிக்கிற ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும்தான் வேண்டும், அதைக் கொடுக்காமல் இருந்தாலே போதும். அறை ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 65, 70-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பூசணம் பிடிக்கும்.

பெட்டி சிறியதாக இருக்கட்டும். ஒரு மீட்டர் நீள அடுக்கு இருபது கிலோவுக்கு மேல் வரும், பெரிய பெட்டியில் போட்டால் இடுப்புதான் போகும். நேராக நிறுத்துங்கள், இல்லை படுக்க வையுங்கள், சாய்த்து வைக்காதீர்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். வேலை முடியும் வரை படிக்க நாலைந்து புத்தகத்தைத் தனியே எடுத்துவிட்டுக் கட்டுங்கள். நான் மறந்து, பத்தொன்பதாவது பெட்டியை மறுபடி பிரித்தேன்.

அலமாரிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் இரண்டு மூன்று வாரம் காலியாகவே கிடக்கட்டும். காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் புத்தகத்தின் எடை ஏறியதும் அட்டை ஒட்டிக்கொண்டு கிழியும்.

அவரே மறுபடியும்: நான் இருபது வருடமாக உருண்டை போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே அக்கா?

இருபது வருடமும் வீட்டில் பூனை இருந்ததா என்று சொல்லவில்லையே! பூச்சி ஏற்கெனவே இருந்தால் புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி வரை போகிற உறைபெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் ஈரம் வேர்த்துவிடும்.

கேள்வி: நேற்று குழாய் உடைந்து நாற்பது புத்தகம் நனைந்துவிட்டது. வெயிலில் வைத்திருக்கிறேன்.

முதலில் வெயிலிலிருந்து எடுங்கள் தம்பி, தாள் முறுக்கிக்கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், லேசாக விரித்து நிறுத்துங்கள். சில பக்கங்களுக்கு ஒருமுறை வெள்ளைத் தாளை வைத்து, அது நனைந்ததும் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். பூசணம் 48 மணி நேரத்திலேயே தலைகாட்டும், நாற்பதையும் ஒரே நாளில் கவனிக்க முடியாது. முடியாததை மெழுகுத்தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்தால் கெடுவது நிற்கும், பிறகு இரண்டிரண்டாக எடுத்து உலர்த்தலாம். வழவழத் தாள் புத்தகங்களுக்குத்தான் முதல் இடம், அவை காய்ந்துவிட்டால் பக்கங்கள் ஒன்றாக ஒட்டி, பலகை ஆகிவிடும்.

1966 நவம்பர் 4-ஆம் தேதி ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை தாண்டி வந்தபோது, அங்கிருந்த தேசிய நூலகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களும் ஆவணங்களும் சேற்றில் கிடந்தன. பல நாடுகளிலிருந்து போன மாணவர்கள் வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. நனைந்த நூலைக் காப்பாற்றும் இன்றைய முறைகளில் பல அந்த வெள்ளத்துக்குப் பிறகு உருவானவை. உங்களிடம் இருப்பது நாற்பதுதான், பதற வேண்டாம்.

கேள்வி: வீடு எப்படியும் குப்பையாகத்தான் கிடக்கிறது. இந்த மாதமே காப்பகத்திலிருந்து ஒரு குட்டியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். புது இடம், புது ஆட்கள், அதன் மேல் டிரில் சத்தமும் என்றால் அந்தக் குட்டி தாங்காது. நாய்க்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கிற பார்வோ கிருமி வேறு பல மாதம் தரையிலேயே உயிரோடு கிடக்கும், கையில் தேய்க்கிற ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. நீங்கள் போய்வருகிறவராக இருந்தால் காப்பகத்துக்கென்று தனிச் செருப்பு, தனி உடை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நாய்க்குத் தடுப்பூசி பாக்கியில்லாமல் பாருங்கள்.

உதவ ஆசை என்றால் ஒரு புத்தகத்தோடு போய், பயந்த நாயின் கூண்டுக்கு வெளியே பக்கவாட்டாக உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். அதன் கண்ணைப் பார்க்காமல் சீரான குரலில் வாசித்தால் போதும். இரண்டாவது, மூன்றாவது நாளில் முன்னால் வந்து படுக்கும். பிள்ளைகளை நாய்க்கு வாசித்துக்காட்ட வைத்து அவர்களின் வாசிப்புப் பயத்தைப் போக்கும் திட்டம் ஒன்று 1999-இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கியது. நாய் நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாது அல்லவா!

கேள்வி: பகல் முழுக்க வேலை, ராத்திரி ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம். இந்த மாதம் வாசிப்பை விட்டுவிடட்டுமா?

தூங்குங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நாவலைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சிறுகதை எடுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது ஒலிப்புத்தகம் கேட்கலாம். மின் ரம்பமோ டிரில்லோ கையில் இருந்தால் காதில் எதையும் மாட்டாதீர்கள், சத்தத்தைத் தடுக்கிற காதடைப்பைத் தவிர.

கேள்வி: மீந்த பெயிண்ட், பழைய துணி எல்லாம் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா?

பழைய துண்டு, போர்வை, செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் அங்கே எப்போதும் தேவை. பெயிண்டைக் கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள். கால் டப்பா மட்டும் வீட்டில் இருக்கட்டும், மூடியில் அறையின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் நாய் சுவரைப் பிறாண்டும், அப்போது தேடுவீர்கள்.